மஞ்சள் வீட்டில் எழுதாத பெயர்கள்

விஸ்கான்சின்,
1981 செப்டம்பர் 9

அன்புள்ள வெர்னீஸ் அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் விரல் வலி எப்படி இருக்கிறது, ஹோஸியா அத்தானின் இருமல் நின்றதா என்று முதலில் எழுது. எனக்குப் பசியும் தூக்கமும் ஒழுங்காக இருக்கின்றன.

என் அறையில் இன்னொரு பெண் இருந்தாள். மூன்றாம் நாள் அவளுடைய அப்பாவும் அம்மாவும் வந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அறைத் தூசி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். போகும்போது அவள் அம்மா என்னிடம் மிக மரியாதையாக வருத்தம் தெரிவித்தார். ஆகவே அறை முழுவதும் எனக்குத்தான். இரண்டு கட்டில், இரண்டு மேசை. புத்தகங்களை அந்தக் கட்டிலில் பரப்பி வைத்திருக்கிறேன், வெறுமையாகத் தெரியாமல் இருக்கட்டும் என்று.

வேதியியல் வகுப்பில் முந்நூறு பேர். எனக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகவே கிடக்கிறது. கையைத் தாராளமாக நீட்டி எழுத முடிகிறது.

நேற்று ஒரு இடத்தைக் கண்டுபிடித்தேன். வளாகத்தின் கடைசியில் மஞ்சள் வர்ணம் பூசிய ஒரு மரவீடு. சிறுபான்மை மாணவர் உதவி நிலையம் என்று பலகை இருக்கிறது. உள்ளே போனதும் நம் வீட்டில் போலவே புகைபோட்ட எலும்போடு கீரை வேகும் வாசனை. வாசலிலேயே நின்றுவிட்டேன். பொறுப்பாளர் பெயர் மிஸ் ரூடெல், ஆர்கன்சாஸ்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும். "உள்ள வா கண்ணு, கதவு தொறந்திருந்தா குளிரு என்னைத்தான் புடிக்கும்" என்றார். மேல்மாடியில் பாடம் சொல்லித்தர ஆள் இருக்கிறார்களாம். ஆசிரியர்களிடம் பேசத் தயங்கினால் மிஸ் ரூடெல் கூடவே வருவாராம்.

வாசல் மேசையில் ஒரு பதிவேடு இருந்தது. வருகிறவர்கள் பெயரும் தேதியும் எழுத வேண்டும். பேனாவை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். ஏனென்று உனக்குத் தெரியும். எழுதலாமா என்று சொல்.

அன்புடன்,
ஆர்டெல்


மிசிசிப்பி,
செப்டம்பர் 21

அன்புத் தங்கை ஆர்டெலுக்கு,

நாங்கள் சுகம். இருமல் நிற்கவில்லை, அவரும் சிகரெட்டை நிறுத்தவில்லை. ஆலையில் இப்போது என்னைக் கெளுத்தி மீன் தலை வெட்டும் வரிசையில் போட்டிருக்கிறார்கள். விரல் வலியைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

பெயர் எழுதாதே.

கறுப்பர்கள் ஓட்டுக் கேட்கவே பயந்த காலத்தில் அம்மா நீதிமன்றத்துக்குப் போய் வாக்காளர் பட்டியலில் சேரப் பெயர் எழுதிக்கொடுத்தபோது எனக்குப் பத்து வயது. நீ அவள் வயிற்றில் இருந்தாய். அவளுடைய பெயரையும் முகவரியையும் இரண்டு வாரம் செய்தித்தாளில் போட்டார்கள், அதுதான் சட்டம் என்றார்கள். முதல் வாரம் பள்ளிச் சமையல் வேலை போயிற்று. இரண்டாவது வாரம் வீட்டுக்காரன் வந்து தலையணையைக்கூட வெளியே வைத்துவிட்டான். அம்மா சாகும்வரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை, உன் பள்ளி அறிக்கையிலும்கூட. நான்தான் போட்டேன்.

அந்த மிஸ் ரூடெல் நல்லவளாக இருக்கலாம். அவளுக்கு மேலே யார் என்று உனக்குத் தெரியாது. அந்தப் பதிவேடு மாதக் கடைசியில் யார் மேசைக்குப் போகிறது என்றும் தெரியாது. சாப்பாடு போட்டால் சாப்பிடு, சொல்லிக்கொடுத்தால் படி, நன்றி சொல்லிவிட்டு வா. பெயரை மட்டும் கொடுக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்கு இரண்டு காலுறையாகப் போடு.

உன் அக்கா,
வெர்னீஸ்


விஸ்கான்சின்,
நவம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே பனி தொடங்கிவிட்டது, எனக்கு ஒன்றுமில்லை. நீ அனுப்பிய காலுறைகள் வந்தன. உன் கைக்குச் சூடான உப்புநீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

நீ சொன்னபடியே இருக்கிறேன். மஞ்சள் வீட்டுக்குத் தினமும் போகிறேன், பெயர் எழுதுவதில்லை. வேதியியல் முதல் தேர்வில் நாற்பத்தொன்று வாங்கினேன். அதை உனக்கு எழுதவில்லை. மேல்மாடியில் ஆறு வாரம் உட்கார்ந்த பிறகு இரண்டாவது தேர்வில் அறுபத்தெட்டு. உதவித்தொகை நிற்காமல் இருக்க எழுபது வேண்டும். எட்டிவிடலாம் என்றுதான் தோன்றுகிறது, அந்த மாடி இருந்தால்.

சனிக்கிழமைகளில் சமையலறையில் முடி நேராக்குகிறோம். ஊருக்குள் இருக்கிற முடி அலங்காரக் கடையில் என் தலையைப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி முடி பழக்கமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இங்கே அடுப்பில் இரும்புச் சீப்பைக் காய வைத்து மிஸ் ரூடெலே இழுத்துவிடுகிறார். கறுப்புப் பிள்ளைகள் நாங்கள் மட்டுமில்லை, டெக்சாஸிலிருந்து வந்த எலோயிசாவும் வேடிக்கை பார்க்க வந்து உட்காருவாள். அவள் வீட்டார் வயல்வயலாகப் போய் வெள்ளரி பறிக்கிறவர்கள்.

சிக்காகோக்காரன் கார்னெல் என்னைப் பார்த்தாலே கிண்டல்தான். பதிவேட்டைத் தாண்டிப் போகும்போது, "என்ன மிசிசிப்பி, எழுத வராதா? வேணும்னா ஒரு பெருக்கல் குறி போடு, நான் சாட்சி சொல்றேன்" என்றான். அவனும் ஒழுங்காக எழுதுகிறவன் இல்லை. ஒருநாள் சாண்டா கிளாஸ் என்று எழுதுவான், மறுநாள் இயேசுவின் மாமா என்று எழுதுவான். மிஸ் ரூடெல் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவன் விடாமல் கேட்டதால் அம்மாவின் கதையைச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போது நினைக்கிறேன்.  எலோயிசா அதுவரை தினமும் பெயர் எழுதிக்கொண்டிருந்தவள். அவள் அம்மாவிடம் இந்த நாட்டில் இருப்பதற்கான காகிதம் இல்லை. மறுநாளிலிருந்து அவள் எழுதுவதில்லை. பிறகு அவள் தோழிகளும் எழுதவில்லை. இப்போது எல்லோரும் அந்த மேசையில் தொப்பியையும் கையுறையையும் வைக்கிறோம், பதிவேடு அடியில் கிடக்கிறது. மிஸ் ரூடெலும் கண்டிப்பதில்லை. "சொந்த வீட்டுக்குள்ள வர்றதுக்கு என்ன கையெழுத்து" என்று ஒருமுறை சொன்னார்.

அத்தானுக்கு என் அன்பு.

ஆர்டெல்


மிசிசிப்பி,
டிசம்பர் 13

ஆர்டெலுக்கு,

சுகம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைத் தேவாலயத்துச் சமையலறையில் படித்துக் காட்டினேன். பெர்லைன் இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். நம் சித்தி மகள் இவ்வளவு வளர்ந்துவிட்டாள், பள்ளியில் கடைசி வருடம். சாண்டா கிளாஸ் கதைக்குச் சபையே சிரித்தது. நாற்பத்தொன்று வாங்கிய பகுதியை நான் படிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது என்று அட்டையில் எழுதியிருந்தாய். பரவாயில்லை. அந்த வீட்டில் உன் தட்டில் சோளரொட்டி விழுமென்றால் எனக்கு நிம்மதிதான்.

நீ அங்கே தனியாக இல்லை என்று தெரிந்த பிறகுதான் நான் ஒழுங்காகத் தூங்குகிறேன்.

வெர்னீஸ்


விஸ்கான்சின்,
1982 ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். வேதியியலில் எழுபத்தொன்று. தப்பித்துவிட்டேன். இனி இரண்டாம் பாகம், அது இன்னும் கடினம் என்கிறார்கள்.

இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் போடு. உன் கைக்குத் தொந்தரவு கொடுக்கிறேன் என்று தெரியும், இரண்டு வரி போதும்.

மாணவர் நல அலுவலகத்திலிருந்து மிஸ்டர் ஹால்வர்சன் என்பவர் வந்தார். அமைதியான மனிதர், காலணியில் ஒட்டிய பனியை வாசலிலேயே தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பதிவேட்டைக் கேட்டார். கையுறைகளை நகர்த்தி எடுத்துக்கொடுத்தோம். ஒரு பருவம் முழுவதற்கும் சேர்த்து, திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கழித்தால், பதினோரு பெயர்தான் இருந்தது. அதில் மூன்று கார்னெல் எழுதியவை. ஹால்வர்சன் அவற்றையும் நிதானமாகக் குறித்துக்கொண்டார். இத்தனை குறைவான பேருக்காக ஒரு வீடும் சம்பளமும் தேவையா என்று குழு யோசிக்கிறதாம். குறைந்தது நாற்பது மாணவர்கள் வருவதைப் பதிவேட்டில் காட்ட வேண்டும். பிப்ரவரி பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை மாலையோடு கணக்கு முடிகிறது.

நாங்கள் எத்தனையோ பேர் வருகிறோம் அக்கா. மதியம் உட்கார இடமிருக்காது, படிக்கட்டில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவோம்.

அவர் போன பிறகு மிஸ் ரூடெல் எங்களை உட்கார வைத்துப் பேசினார். "எண்ணிக் காட்டுன்னு கேக்கறாங்க, நான் என்ன கோழியா வளக்கறேன்னு நெனச்சிட்டு விட்டுட்டேன். இப்ப சொல்றேன், எழுதுங்க. எழுதலன்னா நீங்க யாருமே இங்க வரலன்னு அர்த்தம்."  பிறகு எலோயிசா என்னைப் பார்த்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் என்னைப் பார்த்தார்கள். கதை சொன்னவள் நான்தானே. நான் எழுதினால் அவர்கள் எழுதுவார்கள்.

அம்மா போன பிறகு நீ சொன்னதை நான் மீறியதில்லை. இதையும் மீற விருப்பமில்லை. எழுதலாம் என்று ஒரு வார்த்தை சொல்.

உன்,
ஆர்டெல்


மிசிசிப்பி,
பிப்ரவரி 16

ஆர்டெலுக்கு,

சுகமா? இங்கே அத்தானுக்கு நெஞ்சுச் சளி, இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. இப்போது பரவாயில்லை.

உன் கடிதம் பதினெட்டு நாளாகச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. நேரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். தினமும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு தடவை எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கோ என்று சொல்லி உனக்கு ஏதாவது வந்தால் நான்தான் செய்தேன் என்றாகும். எழுதாதே என்று சொன்னாலும் அப்படித்தான். நேற்று ஆலையில் கத்தியைப் பிடித்தபடி திடீரென்று தோன்றியது, அம்மா அன்றைக்கு என்னிடம் கேட்டிருந்தால் பத்து வயதில் நான் போகாதே என்றுதான் சொல்லியிருப்பேன். அவள் யாரிடமும் கேட்கவில்லை.

எழுது. பெரிய எழுத்தாக எழுது.

நீ சொன்ன வெள்ளிக்கிழமை போய்விட்டது என்று காலண்டரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு மூன்று நாள் பொறுக்க மாட்டார்களா? என்ன ஆயிற்று என்று எழுது.

வெர்னீஸ்


விஸ்கான்சின்,
மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தானுக்குக் குணமானதில் மகிழ்ச்சி.

கவலைப்படாதே. நான் அன்றைக்கே எழுதிவிட்டேன், எல்லோரும் எழுதினார்கள். எல்லாம் சரியாகிவிட்டது.

ஏரி உறைந்து கிடக்கிறது, அதன் மேல் கார் ஓட்டுகிறார்கள். பார்த்தால் நீ நம்ப மாட்டாய். பாடங்கள் அதிகம், அதனால் கடிதம் சிறியதாக இருக்கிறது. கோடையில் இங்கேயே வேலை கிடைக்கும் போலிருக்கிறது, வர முடியாமல் போகலாம். முகவரி மாறினால் எழுதுகிறேன்.

ஆர்டெல்


பைன் பிளஃப், ஆர்கன்சாஸ்,
ஜூன் 2

அன்பு ஆர்டெல்,

நானும் என் தம்பி குடும்பமும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீ எப்படியிருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்பே எலோயிசா எழுதிவிட்டாள். வேதியியல் போனதும், அதோடு உதவித்தொகை போனதும், மருத்துவமனைச் சலவைச் சாலையில் நீ வேலைக்குச் சேர்ந்ததும் தெரியும். பதிவேட்டில் உன் பெயர் இல்லாதது உன் மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது என்றும் எழுதியிருந்தாள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை வரிசையில் நீ நிற்கவில்லை என்று நான் பார்த்தேன். அழைக்கவும் நினைத்தேன், அழைக்கவில்லை. மூன்று மணிக்கு மேல் மற்றவர்கள் வந்து ஒவ்வொருவராக எழுதினார்கள். கார்னெல்கூடத் தன் சொந்தப் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து எழுதினான். எலோயிசாவும் எழுதினாள். நாற்பத்திரண்டு பெயர். மிஸ்டர் ஹால்வர்சன் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், ஒரே நாள், ஒரே பேனா. "இது ஒருநாள் கூட்டம் மிஸ் ஹேர்ஸ்டன், இதை வருகைன்னு நான் எப்படி எடுத்துட்டுப் போவேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. மார்ச் முதல் தேதி பாடம் சொல்லித்தருகிறவர்களை நிறுத்தினார்கள், மே மாதம் என்னை.

உன் பெயர் இருந்திருந்தால் நாற்பத்து மூன்று ஆகியிருக்கும். வேறொன்றும் மாறியிருக்காது. பழி வேண்டுமென்றால் என்னுடையது. நீங்கள் யாரும் எழுதாமல் சமையலறைக்கு நேராக வந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. அது என் வீடு இல்லை, நான் அங்கே சம்பளத்துக்கு இருக்கிறவள் என்பதை மறந்துவிட்டேன்.

உன் அக்காவிடம் சொல்லிவிடு. முடியாவிட்டால் விடு. குளிர் காலத்துக்குள் வேறு வேலை தேடிக்கொள், அந்த நீராவி நெஞ்சுக்கு ஆகாது.

ரூடெல் ஹேர்ஸ்டன்


மிசிசிப்பி,
ஜூலை 11

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீ நான்கு மாதத்தில் மூன்று தபால் அட்டை மட்டும் போட்டிருக்கிறாய், மூன்றிலும் ஏரியைப் பற்றித்தான். வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. பெர்லைனுக்கு உன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகையும் உண்டு. பக்கத்து ஊர்க் கல்லூரியிலும் இடம் கொடுத்தார்கள், வேண்டாம் என்று எழுதிப்போட்டுவிட்டாள். "ஆர்டெல் அக்கா இருக்குது, அந்த மஞ்ச வீடு இருக்குது, எனக்கென்ன பயம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். உன் பழைய கடிதங்களை வாங்கிக்கொண்டு போய்விட்டாள், திருப்பித் தரவில்லை. சித்தி மட்டும் அழுகிறாள். நான் அவளிடம், ஆர்டெலுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லித் தேற்றினேன்.

மிஸ் ரூடெலிடம் முன்கூட்டியே சொல்லி வை. முதல் நாளே பெர்லைன் பெயர் எழுதட்டும்.

வெர்னீஸ்


விஸ்கான்சின்,
ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். இதைத் தேவாலயத்தில் படிக்காதே. தனியாகப் படி.

மஞ்சள் வீடு இல்லை. பிப்ரவரியில் முடிவு செய்தார்கள், மே மாதம் மூடினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், உடைந்த நாற்காலிகளைச் சமையலறை முழுக்க அடுக்கியிருக்கிறார்கள். மிஸ் ரூடெல் ஆர்கன்சாஸுக்குப் போய்விட்டார். நான் மாணவி இல்லை. மேல்மாடி போன பிறகு இரண்டாம் பாகத்தில் ஐம்பத்திரண்டு வாங்கினேன். மருத்துவமனைச் சலவைச் சாலையில் படுக்கை விரிப்புகளை மடிக்கிறேன்.

நான் பெயர் எழுதவில்லை. எழுதினேன் என்று உன்னிடம் பொய் சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் வரிசையில் நின்றபோது நான் விடுதித் தபால்பெட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மதியத் தபாலில் வரும் என்று நின்றேன். வரவில்லை. மாலைத் தபால் என்று ஒன்று கிடையாது, அது எனக்குத் தெரியும், அப்படியும் ஐந்து மணிவரை நின்றேன். உன்மேல் குற்றம் சொல்ல எழுதவில்லை. என் கை, என் பெயர். நடந்து போய் எழுதியிருந்தால் யார் தடுத்திருப்பார்கள்? நான் எழுதியிருந்தாலும் மூடியிருப்பார்கள் என்று மிஸ் ரூடெல் சொல்கிறார். ஆனால் செப்டம்பரிலிருந்து எழுதியிருந்தால்? அதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பெர்லைனிடம் சொல்லிவிடு. முந்நூறு பேர் நடுவே இரண்டு பக்கமும் காலி நாற்காலியோடு உட்கார அவளால் முடியுமென்றால் வரட்டும். அந்த வீட்டை நம்பி வர வேண்டாம். பக்கத்து ஊர்க் கல்லூரியில் கெஞ்சிக் கேட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

என்னை ஊருக்கு வரச் சொல்லாதே. யார் முகத்தையும் இப்போது பார்க்க முடியாது.

ஆர்டெல்


மிசிசிப்பி,
ஆகஸ்ட் 17

ஆர்டெலுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? அந்த நீராவியில் நின்றால் வாயைத் துணியால் கட்டிக்கொள்.

உன் கடிதத்தை ஒரே ஒரு தடவை படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். அத்தானுக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பெர்லைன் வந்து, "ஆர்டெல் அக்கா எழுதலியா" என்று கேட்டாள். எழுதவில்லை என்றேன். அந்த வீட்டில் காலையில் என்ன சாப்பாடு போடுவார்கள் என்றும் கேட்டாள். "போனாத் தெரியும்டி" என்றேன்.

பக்கத்து ஊர்க் கல்லூரிக்கு நானே நேரில் போய்க் கேட்டேன். அவள் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது உண்மையைச் சொன்னால் அவள் அங்கே புறப்பட மாட்டாள். போகாவிட்டால் திங்கட்கிழமை ஆலையில் என் பக்கத்தில் நின்று தலை வெட்டுவாள். மேற்பார்வையாளன் அவளைப் பற்றி ஏற்கெனவே இரண்டு தடவை விசாரித்துவிட்டான். அங்கே போனாலும் உனக்கு ஆனதுதான் அவளுக்கும் ஆகுமோ என்னவோ. எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருதடவை பெயர் எழுதாதே என்று உனக்குச் சொன்னேன், அதற்குப் பிறகு யாருக்கும் எதையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் சும்மா இருக்கிறேன். சித்தி புதுத் துணி தைத்து முடித்துவிட்டாள்.

இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு அவள் பேருந்து அங்கே வந்து சேரும். அவளுக்கு அங்கே உன்னைத் தவிர யாரையும் தெரியாது. முன்னாலேயே போய் நில். சலவைச் சாலை உடுப்போடு போகாதே.

உன் அக்கா,
வெர்னீஸ்